பல்லுக்கு ஏற்ற டார்ச்

லாரிக்கு அடியில் போன சென்னியப்பன் காலையிலிருந்து உள்ளே போய்க்கொண்டே இருந்தான்.

பட்டறையில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய லாரிகளில் அப்படி நடப்பதுண்டு. நின்று பார்த்தால் ஆறு சக்கர வண்டி. அடியில் படுத்தால் இருட்டு அதன் இஷ்டத்துக்கு நீளும். வெளியே வெயில் தகரத்தை வறுத்துக்கொண்டிருந்தது. அடியில் கையை நீட்டினால் கை தெரியவில்லை.

பிரேக்குக்குப் போகிற காற்றுக் குழாயில் எங்கோ ஓட்டை. உஸ்ஸென்ற சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் சென்னியப்பன் போனான். டார்ச் எடுத்துப் போகவில்லை. பட்டறை டார்ச் வேறொரு வண்டியின் டீசல் டேங்குக்குள் விழுந்து அங்கேயே எரிந்துகொண்டிருந்தது. அதை எடுக்க வேண்டுமானால் உள்ளே அடித்துப் பார்க்க இன்னொரு டார்ச் வேண்டும்.

அர்த்தனாரி சாக்கை விரித்து முட்டி போட்டுக் குனிந்தான். சென்னியப்பன் அவனுக்கு அக்கா புருசன். பட்டறை இரண்டு பேருக்கும் பொது.

“மச்சான், எங்க இருக்கறீங்க?”

“மூணாவது ஆக்சிலத் தாண்டிட்டன் மாப்ள.”

அந்த வண்டிக்கு ஆக்சில் இரண்டுதான். அர்த்தனாரி அதைச் சொல்லவில்லை. உள்ளே இருக்கிறவனிடம் சொல்லக்கூடிய விஷயம் அல்ல அது.

“திரும்பி வந்தர்றீங்களா?”

“எந்தப் பக்கம் திரும்பறதுன்னு தெரிஞ்சா வரமாட்டனா? டார்ச்சு கொண்டா.”

குரல் காலையில் இருந்ததைவிட மெலிந்திருந்தது. ஆள் சோர்ந்ததால் அல்ல. தூரத்தால்.

டிரைவர் பெரியண்ணன் சீட்டை விட்டு இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி இறக்கத்தைப் பார்த்து நின்றது. இறக்கத்தின் முடிவில் ரோடு.

“கொஞ்சம் பொறுங்க” என்றான் அர்த்தனாரி. “அடியில மச்சான் இருக்காரு.”

“நான் பொறுப்பனுங்க. லோடு பொறுக்கோணுமல்ல.”

“என்ன லோடு?”

“முட்டை.”

அர்த்தனாரி காதைக் கொடுத்தான். அட்டைகளுக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. பிறகு இன்னொரு பக்கத்திலிருந்து அதற்குப் பதில் வந்தது.

“பண்ணை முட்டை குஞ்சு பொரிக்காதுங்களே. அங்க சேவலே கெடையாது.”

“அது எனக்குத் தெரியும். முட்டைக்குத் தெரியோணுமல்ல?”

பெரியண்ணன் விளக்கினான். பர்மிட்டு முட்டைக்குத்தான். குஞ்சுக்கு இல்லை. முதல் ஓடு உடைகிற சத்தம் கேட்டால் வண்டியை எடுத்துவிடுவான். மற்றவை உடைவதற்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

“எடுக்கறதுக்கு முன்னால அடியில ஆளு இருக்குதான்னு ஒரு கொரல் குடுப்பன். பதில் வந்தா நிறுத்துவன். வரலீன்னா ஆளு இல்லைன்னு அர்த்தம். எல்லா டிரைவரும் அப்படித்தானுங்க.”

அது உண்மைதான். எல்லா டிரைவரும் அப்படித்தான்.

“அப்ப நான் போயி டார்ச்சு வாங்கிட்டு வர்ற வரைக்கும் அவருகூடப் பேசிட்டிருங்க. கொரல் கேட்டாத்தான் அவரு ரொம்பத் தூரம் போகாம இருப்பாரு.”

பெரியண்ணன் தலையாட்டினான். முடியாது என்கிற ஆட்டல்.

“எனக்கும் அவருக்கும் பேச்சு இல்லீங்க.”

அடியிலிருந்தும் குரல் வந்தது. “எனக்கும் அவனுக்கும் பேச்சு இல்லைன்னு சொல்லு மாப்ள.”

ஒருமுறை சென்னியப்பன் இந்த வண்டியைப் பார்த்து, இது லாரியா மாட்டுக்கொட்டாயா என்று கேட்டிருந்தான். பெரியண்ணன் யோசித்துவிட்டு மாட்டுக்கொட்டாய் என்றான். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

கடைசியில் ஹாரன் என்று முடிவானது. அடியிலிருந்து சத்தம் வந்தால் பெரியண்ணன் ஹாரன் அடிக்க வேண்டும். ஹாரன் அடிப்பது பேச்சில் சேராது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டன.

டார்ச் கடை டீக்கடைக்கு அடுத்தது. டீக்கடை வாசலில் ஒரு கருங்கல் கிடந்தது. அதன்மேல் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அர்த்தனாரிக்கு அந்தக் கல்லைத் தெரியும். அது பட்டறையின் முட்டுக்கல். இறக்கத்தில் நிற்கிற வண்டிக்குச் சக்கரத்தின் கீழ் கொடுப்பது. காலையில் அதைத் தேடினார்கள். கிடைக்கவில்லை.

அவன் ஒரு நிமிடம் நின்றான். அவர் ஊதி ஊதிக் குடித்தார். டீ குடிக்கிற மனிதரை எழுந்திரு என்று சொல்ல வாய் வரவில்லை. திரும்பி வரும்போது குடித்து முடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு நடந்தான்.

கடைக்காரி பாவாத்தாள் கவுண்டருக்குப் பின்னால் நின்றாள். கவுண்டர் நீளமானது. அவளுடைய கை இருந்த இடத்துக்கும் அவள் இருந்த இடத்துக்கும் கொஞ்சம் இடைவெளி இருந்தது.

“டார்ச்சு வேணுங்க. சின்னது. ரிப்பேர் வேலைக்கு.”

“இருட்டு கொண்டாந்தீங்களா?”

“இல்லீங்க.”

“பழசு இல்லாம என்னத்தைப் பாத்து குடுக்கறது? போல்ட்டு வாங்கப் போனா பழைய போல்ட்டக் கொண்டுபோறீங்களல்ல? எல்லா இருட்டும் ஒண்ணா? பீரோவுக்குப் பின்னால இருக்கறது வேற, கெணத்து மோட்டாருக்குள்ள இருக்கறது வேற. நான்பாட்டுக்கு ஒண்ணக் குடுத்து, அது சேராம போயி, மறுக்கா வந்து நீங்க எம்மேல எரிஞ்சு உழுவீங்க.”

அவள் சொல்வது நியாயம். ஒரு பேரிங் வாங்கவே பழைய பேரிங்கைத் துணியில் சுற்றிக்கொண்டு போகிறவன் அவன். இதற்கு மட்டும் வெறுங்கையோடு வந்திருக்கிறான். வெட்கத்தோடு திரும்பினான்.

வெள்ளை வேட்டிக்காரர் இன்னும் டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரில் டீ ஏறியிருந்ததுபோலத் தெரிந்தது.

பட்டறையில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஹாரனுக்கும் நடுவில் கீச்சுச் சத்தம் கூடியிருந்தது. அர்த்தனாரி காலி கிரீஸ் டப்பாவை எடுத்து லாரிக்கு அடியில் நீட்டினான். ஒரு கை இருட்டை வழித்துப் போட்டு மூடியை அழுத்தினான். டப்பா கனத்தது.

“மச்சான்!”

“என்றா?” மெலிந்த குரல். “அவன் என்னத்துக்கு ஹாரன் அடிச்சு உசுரு எடுக்கறான்?”

“நீங்க எங்க இருக்கறீங்க?”

“ஓட்டையக் கண்டுபுடிச்சிட்டன்.”

“அடைச்சிட்டீங்களா?”

“பெருவெரல வெச்சிருக்கறன். ஆனா இங்க தரை இல்ல மாப்ள. பாத்து வா.”

வழியில் செல்போன் அடித்தது. அக்கா.

“அவரு எங்கடா?”

“வேலையில இருக்காருக்கா.”

“சோறு ஆறுது.”

“வந்துருவாரு.”

“நீ நேத்தும் இப்படித்தான் சொன்ன. அவரு காலு மட்டும்தான் வந்துது.” அவள் கோபமாக இல்லை. “இன்னிக்கி முழுசா அனுப்பி வை.”

அர்த்தனாரி சரி என்றான். வேகமாக நடந்ததில் டப்பாவுக்குள் இருட்டு குலுங்கியது.

டார்ச் கடை இப்போது டீக்கடைக்கு அடுத்ததாக இல்லை. நடுவில் ஒரு பஞ்சர் கடையும் ஒரு கல்யாண மண்டபமும் வந்திருந்தன. மண்டபத்தில் பந்தி நடந்தது. அவன் ஓடினான்.

பாவாத்தாள் மூடியைத் திறந்து டப்பாவைக் கவுண்டர்மேல் கவிழ்த்தாள். இருட்டு பிசுபிசுவென்று இறங்கிக் குவியலாக நின்றது. அவள் ஒரு துளியை விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள். மோந்து பார்த்தாள்.

“லாரி. கிரீஸ் கலந்திருக்குது. காத்துக் கசியுது. உள்ள ஆளு உண்டுங்களா?”

“என்ற மச்சானுங்க.”

“அத மொதல்லயே சொல்றதில்லையா?”

அவள் முதல் டார்ச்சை எடுத்துப் பொத்தானை அமுக்கினாள். கடை முழுக்க வெள்ளையானது. கவுண்டர் இல்லை, அவள் இல்லை, அவன் கை இல்லை.

“இதுல ஒண்ணும் தெரியலீங்களே.”

“வெளிச்சம் தெரியுதல்ல? டார்ச்சுப் பெட்டியில எழுதியிருக்கற வெளிச்சம் மொத்தமும் இருக்குது. நெறையப் பேரு இதத்தான் கேட்டு வாங்கறாங்க.”

“எனக்கு ஆளு தெரியோணும். பளபளன்னு இருக்கற இரும்புல இத அடிச்சா என்ற கண்ணுதான் போகும்.”

அவள் அணைத்தாள். அடுத்தது முன்பக்கத்தைத் திருகினால் வெளிச்சம் குவிகிற வகை. இருட்டுக் குவியலின்மேல் அடித்தாள். சின்ன வட்டம் விழுந்தது. வட்டத்துக்குள் ஒரு குதிகால் தெரிந்தது. வெடித்த குதிகால். வெடிப்புகளில் கிரீஸ் ஏறியிருந்தது.

“மச்சான்!”

குதிகால் மெல்ல நகர்ந்து வட்டத்தை விட்டுப் போனது.

“அது தூரத்துக்குங்க” என்றாள் பாவாத்தாள். “பக்கத்துல போயி நின்னு அடிச்சா ஆளைக் காட்டாது. மூக்கு மட்டும் காட்டும்.”

மூன்றாவதில் பக்கவாட்டில் பட்டையாக விளக்கு இருந்தது. வாலில் காந்தம். இரும்பில் ஒட்டிவிட்டால் இரண்டு கையும் சும்மா. அர்த்தனாரிக்குப் பார்த்ததுமே பிடித்துப்போனது. வேலைக்காரனுக்கு ஏற்ற சாமான்.

“இதக் குடுங்க.”

“எங்க ஒட்டப்போறீங்க?”

“அது போனாத்தான் தெரியும்.”

அவள் கடையின் ஷட்டரைக் காட்டினாள். அதன் உச்சியில் அதே வகை டார்ச் ஒன்று ஒட்டிக்கொண்டு எரிந்தது. “எங்க மாமனாரு ஒட்டுனது. எடுக்க முடியல. ஷட்டரையும் எறக்க முடியல. எங்க ஒட்டறதுன்னு முன்னாலயே தெரிஞ்சவங்களுக்குத்தான் இது ஆகும்.”

ஹாரன் இங்கேயும் கேட்டது. ஹாரனுக்கும் ஹாரனுக்கும் நடுவில் இடைவெளி கூடிக்கொண்டிருந்தது.

அவள் நான்காவதை வைத்தாள். பேனா பருமன். உலோக உடம்பு, பிடிக்கு வரிவரியாக வெட்டு. அவன் ஒன்றும் யோசிக்கவில்லை. எடுத்து வாயில் வைத்துக் கடித்தான். டார்ச் எரிந்தது.

பட்டறைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். ஒரு கையில் ஸ்பானர், ஒரு கையில் நட்டு. டார்ச்சுக்கு மிச்சம் இருப்பது வாய். எந்தப் பட்டறை டார்ச்சை எடுத்தாலும் வாலில் பல்தடம் இருக்கும். தடத்தைப் பார்த்தே இது இன்னாருடையது என்று சொல்லிவிடலாம்.

வெளிச்சம் அளவாக இருந்தது. மஞ்சளும் இல்லை, கண்ணைக் குத்தவும் இல்லை. குவியலின் உள்ளே ஒரு குழாய் தெரிந்தது. குழாயின்மேல் ஒரு பெருவிரல்.

“இதுதான்” என்று சொல்ல வாயைத் திறந்தான். டார்ச் அணைந்து கையில் விழுந்தது.

“கடிச்சாத்தான் எரியும்” என்றாள் பாவாத்தாள்.

“எத்தனை நேரம் எரியுமுங்க?”

“நீங்க கடிச்சிட்டிருக்கற வரைக்கும்.”

“கைல புடிச்சா?”

“கைல புடிக்கறதுன்னா மெழுகுவத்தி வாங்கிட்டுப் போங்க. பல்லைக் காட்டுங்க.”

காட்டினான். அவள் கட்டைவிரலை ஓட்டி அளந்தாள். டார்ச்சின் வாலில் ஒரு சின்ன அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தாள்.

“இது இப்ப உங்க பல்லுக்கு. வேற வாய்க்கு மாத்தாதீங்க. எரியாது. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லப்படாது.”

பழைய இருட்டை எடுத்துக்கொண்டு புது டார்ச்சைக் கொடுத்தாள். அதுதான் கணக்கு. அவன் ஓடினான். கல்யாண மண்டபத்தில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கல்லின்மேல் வெள்ளை வேட்டிக்காரர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். டீ விளிம்பு வரை நிறைந்திருந்தது. இப்போது எழுப்பினால் நிச்சயம் சிந்தும்.

பட்டறையில் எல்லா அட்டைகளிலிருந்தும் கீச்சுச் சத்தம் வந்துகொண்டிருந்தது. பெரியண்ணன் சாவியில் கை வைத்திருந்தான்.

“ஓடு ஒடஞ்சுதா?”

“இன்னும் இல்லீங்க. உள்ளயிருந்து தட்டறாங்க.”

அர்த்தனாரி டார்ச்சைக் கடித்துக்கொண்டு அடியில் புகுந்தான்.

முதல் ஆக்சில் வரை சாக்கு இருந்தது. இரண்டாவது வரை மண் இருந்தது. அதற்குப் பிறகு தரை இல்லை. சேசிஸ் சட்டத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் போக முடிந்தது. ஒரு கையை விட்டு மறு கையை மாற்றி, மறு கையை விட்டு இந்தக் கையை மாற்றி. காலுக்குக் கீழே காற்று அடித்தது. தோள் எரிந்தது. டார்ச்சின் இரும்பு நாக்கில் உப்பாகக் கரித்தது. வெளிச்சத்தில் மூன்றாவது ஆக்சில் வந்தது. நான்காவது வந்தது. எல்லாமே கிரீஸ் பூசிப் பராமரித்தவை. யார் பூசினார்கள் என்று தெரியவில்லை.

“யாரு அது வர்றது?” என்றது சென்னியப்பன் குரல்.

அர்த்தனாரி பதில் சொல்ல முடியாது. வாயைத் திறந்தால் டார்ச் போய்விடும். பிடிக்கக் கை இல்லை.

“வெளிச்சம் தெரியுது. யாருன்னு கேக்கறன்ல? வாயில என்ன கொழுக்கட்டையா?”

அர்த்தனாரி தலையை ஆட்டினான். வெளிச்சம் மேலும் கீழும் ஆடியது.

“பேசாத வெளிச்சம் எனக்கு வேண்டாம். அங்கயே நில்லு.”

அப்போது மேலே ஒரு சத்தம் கேட்டது. மெல்லிய சத்தம். அப்பளம் நொறுங்குவதுபோல.

பெரியண்ணன் குரல் கொடுத்தான். “அடியில ஆளு இருக்குதா?”

டார்ச்சைக் கடித்தபடியே அர்த்தனாரி பதில் சொல்லப் பார்த்தான். தொண்டையில் ஏதோ முனகல் எழுந்தது. எஞ்சினுக்கு அருகில் முனகல் ஒரு பொருட்டே அல்ல. லாரியில் எல்லாமே முனகும்.

“ஆளு இருக்குதாங்கறன்?”

சென்னியப்பன் வாயை மூடிக்கொண்டிருந்தான். கேட்டவன் பெரியண்ணன். பேச்சு இல்லை.

சாவி திரும்பியது. எஞ்சின் ஒருமுறை இருமியது. சேசிஸ் அதிர்ந்து அர்த்தனாரியின் ஒரு கை நழுவியது. ஒற்றைக் கையில் தொங்கினான். பல் மட்டும் விடவில்லை. வெளிச்சம் சுழன்று அவனுடைய முழங்கை மேலேயே விழுந்தது. பழைய தீக்காயத் தழும்பு.

“அட, மாப்ள!” என்றான் சென்னியப்பன். உடனே தொண்டையைச் செருமிக்கொண்டு, அர்த்தனாரியைப் பார்த்து, லாரி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான்: “மாப்ள, அடியில ரெண்டு பேரு இருக்கறோம்னு அவன்கிட்டச் சொல்லு!”

எஞ்சின் நின்றது.

“கேட்டுச்சுன்னு அவருகிட்டச் சொல்லுங்க மெக்கானிக்கு!” என்றான் பெரியண்ணன் மேலிருந்து. “ரோசனை பண்ணி வெக்கிறன்னு சொல்லுங்க!”

அர்த்தனாரி யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. அவன் கடித்துக்கொண்டிருந்தான்.

கை மாற்றி மாற்றிப் போய்ச் சேர்ந்தான். சென்னியப்பன் ஒரு குறுக்குக் கம்பியில் குந்தியிருந்தான். பெருவிரல் குழாயின்மேல். விரல் நீலம் பாரித்திருந்தது. அர்த்தனாரி கம்பியில் ஏறி உட்கார்ந்து டார்ச்சை வாயிலிருந்து எடுத்தான். இருட்டு உடனே இரண்டு பேர்மேலும் அமர்ந்தது.

“வாங்க மச்சான், போலாம்.”

“வெரல எடுத்தா காத்து போயிரும். காத்து போனா பிரேக்கு போயிரும். வண்டி எறக்கத்துல நிக்குது. முட்டுக்கல்லு வெச்சியா?”

“இல்லீங்க.”

“ஏன்?”

“அதுமேல ஒருத்தரு டீ குடிச்சிட்டிருக்காரு.”

சென்னியப்பன் அதை ஒப்புக்கொண்டான். “செரி. என்ன பண்றது.” பிறகு சொன்னான்: “வெரலு செத்துப்போச்சு மாப்ள. நீ கொஞ்ச நேரம் வை. நான் போயிப் புதுக் குழாய எடுத்தாறன்.”

விரல் மாற்றுவது லேசான வேலை அல்ல. அர்த்தனாரி தன் பெருவிரலை அவன் விரலோடு ஒட்டி வைத்து அங்குலம் அங்குலமாகத் தள்ளினான். நடுவில் உஸ்ஸென்றது. வண்டி ஒரு சாண் நகர்ந்தது. இருவரும் விரலை அழுத்தினார்கள். நின்றது.

சென்னியப்பன் டார்ச்சை வாங்கிச் சட்டையில் துடைத்துக் கடித்தான். பட்டறையில் ஒருவன் வாயிலிருந்து இன்னொருவன் வாய்க்கு டார்ச் போவது சகஜம். துடைத்தால் போதும். யாரும் யோசிப்பதில்லை. அர்த்தனாரியும் யோசிக்கவில்லை.

டார்ச் எரியவில்லை. சென்னியப்பன் இன்னும் பலமாகக் கடித்தான். ஏதோ முறிந்தது. டார்ச்சா பல்லா என்று தெரியவில்லை. அது கீழே போனது. விழுந்த சத்தம் வரவே இல்லை.

“எரியலயே.”

“அது என்ற பல்லுக்குங்க மச்சான்.”

“இத அப்பவே சொல்றதுக்கு என்ன?”

சென்னியப்பன் இருட்டில் தடவிக்கொண்டே கிளம்பினான். மேலே பெரியண்ணன் யாரையும் குறிப்பிடாமல் ஹாரன் அடித்தான். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு சென்னியப்பன் போனான். கை மாறும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு சாக்கு உரசுவது கேட்டது. பிறகு ஹாரன் நின்றது. டிரைவர் கதவு திறந்து மூடியது.

“வெளிய வந்துட்டன் மாப்ள!” குரல் தொலைவில், வெயிலில் இருந்தது.

அர்த்தனாரியின் வாய் இப்போது சும்மா இருந்தது. உரக்கக் கத்தினான். “மச்சான்! குழாயெல்லாம் அப்புறம். மொதல்ல முட்டுக்கல்ல வைங்க! டீக்கடையில இருக்குது. அந்த வேட்டிக்காரரு எழுந்துட்டாரான்னு பாருங்க!”

நடக்கும் சத்தம். நிற்கும் சத்தம். திரும்பி வரும் சத்தம்.

“அவரு போயிட்டாரு.”

“அப்ப எடுத்துட்டு வாங்க!”

“இப்ப அதுமேல டிரைவரு உக்காந்திருக்கறான்.”

“எழுந்திரிக்கச் சொல்லுங்க!”

“நான் எப்படிச் சொல்றது? எனக்கும் அவனுக்கும் பேச்சு இல்லையே.”

அர்த்தனாரி பெரியண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அண்ணா என்று கூப்பிட்டான். டீக்கடை வரை குரல் எட்டவில்லை. எட்டக்கூடிய தூரத்தில் சென்னியப்பன் மட்டும் இருந்தான். விரலுக்கு அடியில் காற்று முட்டித் தள்ளியது.

“நீ வெரல எடுத்துராத” என்றான் சென்னியப்பன். “நான் போயி நல்லதா ஒரு டார்ச்சு வாங்கிட்டு வந்தர்றன். நீ பேசிட்டே இரு. கொரல் கேட்டாத்தான் ரொம்பத் தூரம் போகாம இருப்ப.”

“யாருகூடப் பேசறது?”

இன்னொரு கிரீஸ் டப்பாவில் இருட்டை வழித்து மூடியை அழுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு காலடிகள்.

அர்த்தனாரி பேசினான். ஆக்சில்களைப் பற்றி, வெளிச்சத்தைப் பற்றி, காந்தம் வைத்ததை வாங்கியிருக்கலாம் என்பதைப் பற்றி. இங்கே ஒட்டியிருக்கலாம். இந்த இடம்தான் என்று இப்போது தெரிகிறது.

மேலே ஓடுகள் உடைந்தன. ஒன்று, அப்புறம் பத்து, அப்புறம் எல்லாமே. கீச்சுச் சத்தம் நின்றுபோனது. அதற்குப் பதிலாகக் கால்களின் சத்தம். ஆயிரக்கணக்கான சின்னக் கால்கள் தகரத்தின்மேல் எழுந்து நின்று தள்ளாடி நடக்கப் பழகின.

பழகி முடித்ததும் எல்லாம் ஒரே பக்கமாக நடந்தன. இறக்கத்தின் பக்கம்.